தண்ணி வத்தின கணக்கு

காதுக்குப் பின்னே முடிக்குள் ஒளிந்து
பீடியால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு.
கருவேலங்காட்டில் விறகொடிக்கையில்
ஏதோ கடிச்சிருக்கும் என்றாள்.
ஏழு நாள் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல்தான்.
பேனா தானாகவே எழுதிவிட்டது:
டாக்சிசைக்ளின் நூறு,
காலை ஒன்று, இரவு ஒன்று.

எழுதிய பிறகுதான் வாய் தொடங்கும்.
"ஒரு சொம்புத் தண்ணியோட முழுங்கணும்.
முழுங்குன கையோட படுக்கக் கூடாது."
போன தையில் மூக்கையூர்ப் பையன் ஒருத்தன்
வள்ளத்தில் மல்லாந்தபடி
வெறும் வாயில் விழுங்கிவிட்டு
நாலு நாள் எச்சில்கூட இறங்காமல் வந்தான்.
"பாலோட வேண்டாம்.
சத்து மாத்திரையோட சேத்துப் போடாத.
வெயில்ல நிக்காத, தோல் வெந்துரும்."

முத்திருளாயி சிரித்தாள்.
நூத்திரண்டு காய்ச்சலில் அப்படியொரு சிரிப்பு.

வெயிலில் நிற்காதே என்று
களிமண்குண்டில் யாரிடம் சொல்வது?
விடியுமுன் வள்ளமேறி
தீவோரம் கழுத்தளவு நீரில்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிறவள்.
விரல்களில் கந்தல் சுற்றிய தடம்,
கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய தடம்.
மேலே ஒரு சூரியன்
தண்ணிக்குள் இன்னொன்று.
அவளுக்கென்று உள்ள நிழல்
பெயரில் இருக்கிற இருள் மட்டும்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை
அப்போதுதான் கேட்டேன்.
"நாள் தள்ளியிருக்கா?"
"இல்லீங்க."
வரிசை முதுகில் மூச்சுவிடும்போது
எல்லோரும் சொல்கிற இல்லீங்க.

கதவைச் சாத்தச் சொன்னேன்.
கடைசியா எப்ப?
தேதி தெரியாது அவளுக்கு.
தண்ணி வத்துற கணக்குத் தெரியும்.
"இந்த அமாவாச வத்துக்குத் தொழிலுக்குப் போனேன், அப்ப இல்ல.
முந்துன பவுர்ணமி வத்து... இல்ல.
அதுக்கு முந்தி, நாகரத்தினம் மதினி கால்ல
முள்ளு குத்துன வத்து..."
எண்ணிக்கொண்டிருந்த கட்டைவிரல்
மோதிர விரலின் நடுக்கணுவில் நின்றது.
இருவரும் அந்தக் கணுவையே பார்த்தோம்.

என் முன்பற்கள் நான்கிலும்
ஈரமணல்போல் ஒரு பழுப்புப் பட்டை உண்டு.
மூன்று வயதில் நெஞ்சுச் சளிக்கு
தொண்டியில் ஒரு கம்பவுண்டர் கொடுத்த மஞ்சள் சிரப்.
நல்ல மனிதராம். காசுகூட வாங்கவில்லையாம்.
சளி போய்விட்டது.
பல் விழுந்து முளைத்தபோது
சிரப் மட்டும் திரும்பி வந்தது.
என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும்
வாய் திறந்திருக்காது.
முகக்கவசம் கட்டிய இரண்டு வருடம்தான்
அச்சமில்லாமல் சிரித்தேன்.

இந்த மாத்திரை அந்தச் சிரப் இல்லை,
சில நாள் கொடுத்தால்
சின்னப் பிள்ளைக்கும் பாதகமில்லை
என்கின்றன புதுப் புத்தகங்கள்.
சரியாகவே இருக்கலாம்.
என் பல்லுக்கு வாசிக்கத் தெரியாது.

சிறுநீர் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது.
என் சீட்டில் ஒரு கோடு போட்டேன்.
கோட்டுக்குக் கீழே: அசித்ரோமைசின்.

மருந்து ஜன்னலிலிருந்து
இபுறாம்சா தலையை நீட்டினார்.
"அடிச்சதக் குடுக்கவா, எழுதுனதக் குடுக்கவா?"
முப்பது வருட சர்வீஸில்
அடித்த மருந்துக்கும் ஒரு தரம் கேட்டுவிடுவார்.
திட்டுவேன். இன்று திட்டவில்லை.

"புருசங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்,
சொல்வாளா மாட்டாளா என்று தெரியாத குரலில்.
சீட்டை நான்காக மடித்து
சுருக்குப் பையில் திணித்தாள்.
வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இந்த மாத்திரைக்கு
வெயில்ல நிக்கலாமா?"

மாத்திரைக்கு நிற்கலாம் என்றேன்.
காய்ச்சலுக்கு, வயிற்றுக்கு, என்று
நான் ஆரம்பித்ததற்குள்
மோதிர விரலுக்கே திரும்பியிருந்தது கட்டைவிரல்:
பவுர்ணமி வத்துக்கு
இன்னும் ஆறு நாள்.