நொச்சி

ஏழு ஆட்டம் இவன், ஏழு ஆட்டம் அவன்.
"யாரை நிறுத்துவது? ஒரு பக்கம் போதும், வெள்ளிக்கிழமைக்குள்"
என்றார் பயிற்றுநர் தவநேசன்.

பகலில் நான் காப்புறுதி நிறுவனத்தில்
இன்னும் பற்றாத தீக்கு விலை வைப்பவள்.
இரவில் செங்காங், பதினான்காம் மாடி.
சன்னலுக்குக் கீழே எல்ஆர்டி
ஓட்டுநர் இல்லாமல் வந்து, பயணி இல்லாமல் போகிறது.
மடிக்கணினி முழுக்க நீலத் தரை, மஞ்சள் பந்து.
குழந்தை எழுந்துவிடுவாள் என்று
ஒலியை அடைத்திருக்கிறேன்.

ஃபிர்தௌஸ்: வந்தது எண்பத்தெட்டு, தடுத்தது எழுபது.
டெரிக் ஓலிவெய்ரோ: வந்தது நாற்பத்தொன்று, தடுத்தது முப்பது.

நூற்றுக்கு எண்பதைத் தொட்டு நிற்கிறான் ஒருவன்.
மற்றவன் எழுபத்துமூன்று.
இதற்கு ஒரு பக்கம்கூட வேண்டாம்.

அதோடு, ஃபிர்தௌஸ் பாய்வதைப் பார்க்க வேண்டும்.
பெனால்டி கார்னர், வலது மேல்மூலை,
கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவில்
ஒரு கையுறை எங்கிருந்தோ முளைக்கிறது.
நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்த்தேன்.
நான்காவது முறை கணக்குக்காக இல்லை.

டெரிக் நிற்பான். நகர்ந்தால் அரையடி.
ஒருநாள் கால் இடுக்கில் ஒன்று புகுந்தது;
பேருந்து அட்டையைக் கீழே போட்டவன்போல்
குனிந்து தேடினான்.

ஆனால் எதிரணிகள் அதே ஏழு.
தடுப்பாட்டக்காரர்களும் அதே மூவர்:
ஜஸ்பீர், ஹக்கிம், லியோங்.
பிறகு ஏன் இவனுக்கு எண்பத்தெட்டு,
அவனுக்கு அதில் பாதிகூட இல்லை?
அதிர்ஷ்டம் என்று எழுதினேன்.
மாதிரி சிறியது என்று திருத்தினேன்.
அலுவலகத்தில் தெரியாததற்கு நாங்கள் வைத்திருக்கும்
நாகரிகமான பெயர் அது.

புதன்கிழமை மகள் அவள் அப்பாவோடு ஜொகூர் போயிருந்தாள்.
ஒலியைத் திறந்தேன்.

"ஹக்கிம், கிரி! கிரி!
ஜஸ்பீர், முதுகில் ஆள்!
லியோங், தொடாதே, விடு, வெளியே போகும்!"
மூன்று மொழி, ஒரே மூச்சு.
தலைக்கவசத்துக்குள்ளிருந்து வருவதால்
குடத்துக்குள் பேசுவதுபோல் ஒரு குரல்.
அது கேட்டதும் ஒரு கால் நகர்கிறது,
ஒரு வழி அடைபடுகிறது,
அடிக்க ஓங்கியவன் மனம் மாறிப்
பந்தைப் பின்னால் தள்ளுகிறான்.
அவ்வளவுதான். பந்து வரவில்லை.
குறிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஃபிர்தௌஸின் ஆட்டங்களில்
மட்டைச் சத்தம், மூச்சு, ரசிகர் கைதட்டல்,
தொலைவில் இடிமின்னல் எச்சரிக்கை மணி.
அவன் வாய் திறப்பதே இல்லை.

மதிலை வளைத்தவன் சூடியது உழிஞை,
மதிலுக்குள் நின்றவன் சூடியது நொச்சி.
பள்ளியில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்தது.
மிகப் பழைய இலக்கணம் நொச்சிக்குத்
தனித் திணைகூடத் தரவில்லையாம்;
உழிஞைக்குள்ளேயே ஒரு மூலை.
என் அட்டவணையில் அந்த மூலையும் இல்லை.

வியாழன் மாலை நேரிலேயே போனேன்.
கோலுக்குப் பின்னால் கம்பிவலை ஓரம் உட்கார்ந்து
டெரிக் கத்தியதை எண்ணினேன்:
முதல் பாதியில் நூற்றுப்பன்னிரண்டு.
அதற்குமேல் மழை.

ஆட்டம் நின்றதும் கடை வரிசையில்
எனக்கு முன்னால் அவன்தான்.
தொண்டை கட்டியிருந்தது.
பார்லித் தண்ணீரை விரலால் காட்டினான்,
ஐஸ் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.
கடைக்காரம்மாவுக்குப் புரியவில்லை.
பின்னாலிருந்த ஃபிர்தௌஸ் எடுத்துச் சொன்னான்.
அன்றைக்கு அவன் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அட்டவணையில்
ஒரு பத்தி கூட்டினேன்: வராத பந்துகள்.
அதில் எந்த எண்ணைப் போடுவது என்று தெரியவில்லை.
டெரிக் என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்:
காணொளியை ஒலியோடு பாருங்கள், சார்.

அனுப்பிவிட்டேன்.
நீலக் குறி விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.
அவர் ஃபிர்தௌஸைத்தான் நிறுத்துவார் என்று நினைக்கிறேன்.
அந்தப் பாய்ச்சலை அவரும் பார்த்திருப்பார்,
என்னைவிட அதிக முறை.