இது வட்டமா?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
ஏலக் கூடத்துக்குப் பின்னால்
சங்க அலுவலகம்.
போன மழையில் பழைய திரை போய்விட,
பாண்டியில் பாதி விலைக்குப் பிடித்துவந்த ஒன்று
மேசைமேல் அகலமாக உட்கார்ந்திருந்தது.

அதில் எல்லாமே பருத்துத் தெரிந்தன.
'வஞ்சிரம்' என்ற சொல்லில்
ஞ் படுத்துக் கிடந்தது.
"முத்திரையில இருக்கிற வவ்வாலு
கொடுவா ஆயிடுச்சி பாருங்க."

லினக்ஸைக் குறை சொல்ல முடியாது.
விழித்ததுமே கேட்கிறது:
நீ யார், எத்தனை அகலம், எத்தனை உயரம்?
திரையின் வயிற்றில் பதில் இருக்கிறது,
பிறந்த வாரம் உட்பட
நூற்று இருபத்தெட்டு பைட்டில்.
அதை எடுத்துவரும் பன்னிரண்டாம் ஊசியைத்தான்
உப்புக்காற்று தின்றிருந்தது.
கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுக்
கணினி தானாகவே
சிறிதாக ஒன்றை எழுதிக்கொண்டது:
ஆயிரத்து இருபத்து நான்குக்கு
எழுநூற்று அறுபத்தெட்டு.

இதைச் சொன்னதும் அமலோற்பவம் சிரித்தாள்.
சேர்ந்த அன்று படிப்பு எவ்வளவு என்றார்களாம்.
பி.காம். கடைசிப் பருவத்தில் நின்றுபோனதை
எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள்
எட்டாம் வகுப்பு என்று எழுதியாகிவிட்டது.
பதினோரு வருடமாக அந்தச் சம்பளம்.

புதுக் கம்பி வரத் திங்கள் ஆகும்.
அதுவரைக்கும் அளவை நானே எழுதிவைக்கலாம்,
ஒரே வரி.
ஆனால் நாளை வேறு திரை வந்து
வாய் திறந்து தன் பேரைச் சொன்னாலும்
என் வரியைத்தான் நம்பும்.

அதனால் சின்னதாக ஒரு நிரல்.
திரை ஊமையானால் ஊகிக்காதே,
எதிரே இருப்பவரைக் கேள்.
ஒரு கோடு சுழற்று. இது வட்டமா?
இல்லை என்றால் அடுத்த அளவுக்குப் போ.
பதினைந்து நொடி பதிலே இல்லையா,
பழையபடி திரும்பு.

வெளியே ஐஸ் பெட்டிகள் தரையில் இழுபடும் சத்தம்.
முதலில் படுத்த முட்டை.
இல்லை என்றாள்.
அடுத்தது லேசாக நின்ற முட்டை.
மூன்றாவதில் திரை கறுத்துப்போய்
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பதினைந்துவரை எண்ணினோம்.
மீண்டது.
நான்காவதுக்கு முகத்தை அருகே கொண்டுபோனாள்,
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல்.

"வட்டந்தான்.
எழுத்துதான் இவ்ளோ பொடிசா இருக்கு"
என்று இழுப்பறையைத் திறந்து
கண்ணாடியைத் தேடினாள்.