இரண்டு வாசல்

ஃபுஜைராவில் இரவு ஒன்றரை.
கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கம்
கடல் வியர்த்து வழிகிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி.
ரூபிடியம் கடிகாரத்துக்குப் புழுக்கம் ஆகாது.

போன வாரம் ஓர் எண்ணெய்க் கப்பல்
எங்கள் திரையில்
விமான ஓடுபாதையின்மேல் நின்றது.
யாரோ செயற்கைக்கோளின் குரலில்
பொய் நேரம் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் மலைக்கு அடியில் இந்த இழை,
அபுதாபி வரை.
அரிசியை எண்ணி உலையில் போடுகிறவளின் கஞ்சத்தனத்தோடு
ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்புகிறேன்.
நடுவழியில் எவன் எட்டிப் பார்த்தாலும்
துகளின் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.
பிழை கூடினால் சாவியைக் கிழித்தெறிந்து
முதலிலிருந்து.
தேறிய சாவியால்தான்
ஒவ்வொரு நொடிக்கும் முத்திரை.

வெயிலேற ஏற மண்ணுக்குள் இழையும் நீள்கிறது.
ஏழு நானோ நொடி.
அதையும் கழித்துவிடுகிறேன்.

"இனி எந்தத் திருடனுக்குப் பயம்?" என்கிறாள் ஷம்மா,
பேரீச்சங்கொட்டையைக் கோப்பையில் துப்பியபடி.
திருடனுக்கு இல்லை, தாமதிக்கிறவனுக்கு.
அவன் முத்திரையைத் தொடமாட்டான்.
ஓர் எழுத்தையும் மாற்றமாட்டான்.
ஒரு திசையில் மட்டும்
இழையைக் கொஞ்சம் சுற்றி நீளமாக்குவான்.
செய்தி மெய்யாகவே வந்து சேரும்,
பிந்தி.
போகிற வழியும் வருகிற வழியும் சமம் என்று
நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

விடிந்து வெளியே வருகிறேன்.
பள்ளம் வெட்டும் இசக்கியப்பன்
ரேகைப் பெட்டியில் விரலை வைக்கிறார்.
சிமெண்டு தின்ற விரல்.
ஐந்து முறை சிவப்பு. ஆறாவதில் பச்சை.
பெட்டியில் ஆறு மணி நான்கு நிமிடம்.
என் கைபேசியில் ஆறே அடிக்கவில்லை.

"இது உள்ள போற பெட்டி, மேடம். முந்தி ஓடும்.
அந்தா, வெளிய வார பெட்டி. அது பிந்தும்."
சிரிக்கவில்லை அவர்.
சம்பளம்?
"முழுசாத்தான் போடுவாங்க. என்ன, ரெண்டு மாசம் சுணங்கும்."

பெட்டிக்கும் என் கடிகாரத்துக்கும் இடையே
இருபது மீட்டர் கம்பி போதும்.
திரும்பிப் போய்ப் படிவம் நிரப்பினேன்.
அரை மணியில் பதில்:
இக்கருவிகளுக்கு நேரத் துல்லியம் தேவையில்லை.

மறுநாள் காலை,
வரிசையில் அவருக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர்.
விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு
மறுபடி வைக்கிறார்.