படகுப் பங்கு

வீட்டை விற்றுப் பாதியாக்கினார் நீதிபதி.
பனி தள்ளும் எந்திரம் அவனுக்கு,
பூனை எனக்கு.
பன்னிரண்டடி அலுமினியப் படகு மட்டும்
எந்தப் பட்டியலிலும் ஏறாமல் தப்பிவிட்டது.
அதை நாங்களே பிரித்துக்கொண்டோம், காலண்டரை வைத்து.
ஏப்ரலில் ஹாஸ்கெட் நீர்த்தேக்கத்தின் கேட் திறந்ததிலிருந்து
ஜூன் முடியும்வரை ஆல்டனுக்கு.
அப்புறம், அக்டோபர் கடைசியில் பூட்டும்வரை
எனக்கு.

அவன் பாஸ் பிடிக்கிறவன்.
பிடிக்கிறவன் என்றா சொன்னேன்?
மே மாதம் கரையோரச் சரளையில்
வாலால் குழி பறித்து
முட்டைக்குக் காவல் நிற்கும் ஆண்மீனை
தூண்டிலை மடியில் போட்டுக்கொண்டு
மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான்.
எங்களுக்குப் பிள்ளையில்லை.
அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

எனக்குப் பிக்கரல்.
தண்ணீர் குளிரக் குளிர அதற்குப் பசி.
நீர்ப்பாசி பழுத்துச் சாயும் இடத்தில்
விழுந்த குச்சிபோல் கிடக்கும்,
வாத்தின் அலகு, விலாவில் சங்கிலிக் கோலம்.
எதிரே எது மினுங்கினாலும் பாய்ந்துவிடும்.
பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை:
நுழைவது சுலபம்.

மோட்டாருக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்,
டின்னுக்குள் நோட்டு.
மீனைத் தவிர எதையும் அதில் எழுதுவதில்லை
என்று நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை.
ஜூலையில் படகு கைக்கு வந்ததும் படித்தேன்.

மே 9. பாஸ், மூன்று பவுண்டு. விட்டேன்.
மே 17. பாஸ், சின்னது. விட்டேன்.
ஜூன் 2. பெரிய பிக்கரல். நரம்பை அறுத்துவிட்டது.
செங்கண்ணும் போச்சு.

அதன்பின் ஜூன் முழுக்க வெள்ளைத்தாள்.
எழுதவில்லையா, போகவே இல்லையா?
கேட்கவில்லை.
அது மீனைப் பற்றிய கேள்வி இல்லை.

செங்கண் ஒரு மரமீன், விரல் நீளம்.
மின்சாரம் போன ஒரு ஜனவரி இரவு
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
அதன் மஞ்சள் கண்மேல் என் நகப்பூச்சைத் தொட்டுவைத்தேன்.
"இதைப் பார்த்து மீன் மயங்குமா, நீயா?" என்றான்.
மூன்று சீசன் மயங்கியது மீன்.

அக்டோபர் இருபத்தாறு.
அணையில் பழுது பார்க்கத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள்.
படகுத்துறை சேற்றில் முடிந்தது.
"போன வாரம் வந்திருக்கலாமே" என்றார்
கேட்டுக் காவலர் வின்செக்,
சொல்லிக்கொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு
படகின் பின்பக்கத்தைத் தள்ளினார்.
ஏழு டிகிரி. கையுறை போட்டால் முடிச்சு விழாது,
கழற்றினால் விரல் இல்லை.
நாலாவது வீச்சில் பாசி நகர்ந்தது.

இருபத்திரண்டு அங்குலம்.
வாயின் இடது ஓரத்தில்
என் கொக்கி.
வலது ஓரத்தில்
துருப்பிடித்த இன்னொன்று,
அதில் தொங்கிக்கொண்டு
சாயமெல்லாம் போன ஒரு மரத்துண்டு.
கண் மட்டும் சிவப்பு.

நாலு மாதம் அதை வாயில் வைத்துக்கொண்டேதான்
வேட்டையாடியிருக்கிறது.
வீட்டில் வயிற்றைக் கீறினேன்:
முழுசாக இரண்டு குஞ்சு மீன்.
கொழுத்த உடம்பு.
இதன் முள் கவட்டை முள், எடுத்து மாளாது;
பொடியாகக் குறுக்கே வெட்டி
வெங்காயத்தோடு வினிகரில் ஊறப்போட்டால்
ஒரு வாரத்தில் முள் கரைந்து மெத்தென்றாகும்.
ஜாடியை மூடிவிட்டு
மரமீனைக் கழுவி
ஜன்னல் கட்டையில் காயவைத்தேன்.
பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் படகைத் தார்ப்பாய் போட்டுக் கட்டுமுன்
நோட்டை எடுத்தேன்.

அக். 26. பிக்கரல், 22 அங்குலம். வைத்துக்கொண்டேன்.

டின்னை மூடினேன்.
பிறகு திறந்தேன்.

டிரெய்லரில் இடது சக்கரம் காற்று இறங்குகிறது.
ஏப்ரலுக்கு முன் பார்த்துக்கொள்.