உப்புப் போதாது

பீல் நகரத் தெருப்பலகைகளுக்கு இரண்டு நாக்கு,
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
பஸ்ஸில் ஒன்றில் கதை தொடங்கி மற்றதில் இறங்குவார்கள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் எனக்கு
இரண்டும் அரைகுறை.
இரவில் நான் கதைப்பது வேறு மொழிகள்.

மடிகணினி, பழைய சாமான் கடையில் நாற்பது பிராங்குக்கு எடுத்தது.
ஒரு பக்கக் கீல் இல்லை, ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.
லினக்ஸ் மட்டும் அதன் வயதைக் கேட்கவில்லை.

சுவிஸ் விசைப்பலகையில் ஒரு நெளி அடைப்புக்குறி போட
விரல்களுக்கு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும்.
பைதானை நான் விரும்பியதற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது:
அது நெளிவு கேட்கவில்லை.
கொஞ்சம் தள்ளி எழுது, போதும் என்றது.
பிறகு ஹாஸ்கெல். மூன்று மாதம்
ஒன்றும் விளங்காத சந்தோஷம்.
பிறகு ரஸ்ட்.
அது எங்கள் சீட்டுக்காரி மனோரஞ்சிதம் அக்காவேதான்:
யாரிடம் வாங்கினாய், எத்தனை நாளைக்கு,
அவர் இருக்கும்போதே திருப்புவாயா,
சொல்லாமல் ஓர் அடி நகர விடாது.
அழுதிருக்கிறேன். ஆனால் காசு தொலைந்ததில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களுக்குப்
பெயர்ச்சீட்டு அச்சடிக்கப் போன நாள்,
யாரோ பொதுவில் வைத்திருந்த ஒரு சின்ன நிரல்
தர்மினியை வரிமுடிவில் வெட்டியது.
மேலே 'தர'.
கீழ்வரியின் தொடக்கத்தில்
பொட்டுப் பொட்டாய் ஒரு வெறும் வட்டம்,
அதன் தலையில், இறங்க இடமில்லாமல்,
ர்-இன் புள்ளி.
விருந்தாளி வராத தட்டு மாதிரி.
"இது என்ன, முட்டையா?" என்றாள் தர்மினி.

மூலநிரலைத் திறந்தேன். திறந்துதான் இருந்தது.
பூட்டில்லாத வீட்டுக்குள்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போவதுபோல் போனேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி
எங்கள் புள்ளியைத் தனி ஆளென்று எண்ணி வைத்திருந்தது.
பதினான்கு இரவு. கடைசியில் இரண்டே வரி.
அனுப்பினேன்.

பதினொரு நாள் கழித்துப் பதில்.
குன்வோர் என்று பெயர்,
எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது.
"நன்றி. சோதனை எங்கே?"

சோதனைக்கு ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும்,
உடைத்துப் பார்க்க, நடுநடுவே புள்ளியோடு.
பெரிய பெரிய வாக்கியங்கள் எல்லாம்
வேட்டி சால்வையோடு வந்து வரிசையில் நின்றன.
குசினியில் தவராசா, அகப்பையை நக்கியபடி,
இருபத்திரண்டு வருடமாகச் சொல்வதைச் சொன்னார்.
அதையே போட்டேன்.
அர்த்தம் கேட்டால் என்ன எழுதுவதென்று பயந்தேன்.
குன்வோர் கேட்கவில்லை. சேர்த்தாயிற்று.

இப்போது எங்கோ எவரோ
அந்த நிரலில் கை வைக்கும் போதெல்லாம்
தமிழ் தெரியாத ஓர் இயந்திரம்
'உப்புப் போதாது' என்பதை எடுத்து
உப்புக்கு நடுவில் கத்தி வைத்துப் பார்க்கிறது,
வெட்டுப்படவில்லை என்று கண்டு
பச்சை விளக்குப் போடுகிறது.
சில நாளில் ஏழெட்டுத் தரம்.

தவராசாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் பங்கு கேட்பார்,
இலவசம் என்றால் நம்ப மாட்டார்.
இன்றைக்குச் சொதி கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.
வாய் திறக்கப் போனார்.
தெரியும், என்றேன் முந்திக்கொண்டு,
சரிபார்த்தாயிற்று.