ஆறு மீட்டர் சொச்சம்

குடிகாடு சிப்காட்டில்
மூன்றாம் எண் அமிலத் தொட்டிக்குப் பெயின்ட் வேலை.
சாரம் ஏறிவிட்டது.
பெர்மிட்டில் கையெழுத்து என்னுடையது.

பெல்ட்: உண்டு.
கயிறு: உண்டு.
கொக்கி: மாட்டியாயிற்று.
மூன்று டிக்.
நான்காவது கேள்விக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

தொட்டியின் வயிற்றில் சாக்பீஸால் எழுதினேன்.
கயிறு ஒன்று புள்ளி எட்டு.
விழுகிற வேகத்தில் தையல் பிரிந்து நீளும் பொட்டலம்
ஒன்றே முக்கால்.
முதுகு வளையத்திலிருந்து பாதம் வரைக்கும் ஒன்றரை.
பாதத்துக்கும் தரைக்கும் நடுவில்
ஓர் ஆள் உயிரோடு தொங்க இன்னும் ஒன்று.
ஆக மொத்தம் ஆறு மீட்டர் சொச்சம்.

பலகை இருப்பது ஐந்தில்.
கொக்கி கால்மாட்டுக் குழாயில்.

பாவாடைராயன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.
"ஒரு மீட்டர்தானே மேடம் இடிக்குது,
என்னைக் கொஞ்சம் குட்டையாக்கிடுங்க."
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சிரித்துவிட்டு, இறங்கச் சொன்னேன்.

"கயிறு கட்டியிருக்கான்ல" என்றார் காண்ட்ராக்டர் சம்பந்தம்.

போன வருஷம் உப்பனாற்றுப் பக்கத்து ஷெட்டில்
விருத்தகிரியும் கயிறு கட்டித்தான் இருந்தான்.
கான்கிரீட்டில் கிடந்தபோதும்
அவனுடைய கொக்கி குழாயை விடவில்லை.
பொட்டலத்தின் தையல் பாதிதான் பிரிந்திருந்தது.
இன்னும் கொஞ்சம் வெற்றிடம் கிடைத்திருந்தால்
கயிறு தன் வேலையை முடித்திருக்கும்.

விசாரணைக்கு வந்தவர்கள் என் தாளைப் புரட்டினார்கள்.
எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.
அந்தச் சரியை
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.
லாக்கர் மேல் அவனுடைய சாப்பாட்டுத் தூக்கு
நாலு நாள் இருந்தது.
புளித்த வாடை வந்த பிறகுதான்
யாருடையது என்று கேட்டார்கள்.

தலைக்கு மேலே போவது நீராவிக் குழாய்,
அதில் மாட்டக்கூடாது.
தனியாக இரண்டு தூண் நட்டு
நடுவே கம்பிவடம் இழுக்கவேண்டும்.
காரைக்காட்டு வெல்டர் வருவதற்குள்
மணி பன்னிரண்டரை.
ஏழு பேருக்கு அரைநாள் கூலி போயிற்று.

புங்க மரத்தடியில் உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருவர் வெற்றிலையைத் துப்பினார்,
என் பக்கமாக இல்லை,
ஆனாலும் எனக்காகத்தான்.
பாவாடைராயன் போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்:
"முதுநகர் போவாத. மீன் வேணாம் இன்னிக்கு."

இதற்கும் என் தாளில் கட்டம் இல்லை.

மதியம் கடல்காற்று திரும்பியது.
தலைக்கு மேல் வடத்தில் ஏழு கொக்கிகள்
அவர்கள் போகிற பக்கமெல்லாம்
கிர் கிர்ரென்று கூடவே ஓடின.

பத்தாம் நாள் சாரம் பிரித்தார்கள்.
அதற்குள் இரண்டு மழை. என் கணக்கு கரைந்து
'சொச்சம்' மட்டும் தொட்டியில் தெரிந்தது.
அதன் மேலும் பச்சை அடித்துவிட்டார்கள்.

போகும்போது பாவாடைராயன் நின்றார்.
"பாத்தீங்களா, யாரும் வுழல.
அந்த வடம் சும்மாதான் கெடந்துச்சு."
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல?
விழாதவனிடம் போய்
நீ விழவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?
அரைநாள் கூலியோ நிஜம்,
அதை அவர் மறக்கவில்லை,
நானும்தான்.

இரவு ஷிப்ட் வருமுன்
பதிவேட்டைத் திறந்தேன்.
நிகழ்வு என்கிற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதவேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் அதைச்
சங்கிலிக்கொம்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.
கொம்பை முதலில் மாட்டவேண்டும்.
பிறகுதான் ல.