நடுப்பெட்டி

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று,
முதுகுக்குப் பின்னால் இரண்டு,
கட்டிலுக்கடியில் பம்மிக்கொண்டு
உறுமுவதற்கென்றே ஒன்று.
வில்லாபுரத்து வாடகை வீட்டின்
பத்துக்குப் பத்து ஹாலில்
எல்லாம் பூட்டி முடித்துவிட்டார் சோலைமலை.
லாரி வருகிறது. கண்ணாடி உடைகிறது.
மழை நாலு சுவரிலும் வழிகிறது.
பேசுகிறவர்கள் மட்டும்
போர்வைக்குள் இருந்து பேசுகிறார்கள்.

கூட்டி வைத்தால் மாடி வீட்டில்
துடைப்பக்கட்டையால் தரையைத் தட்டுகிறார்கள்.
குறைத்தால் உதடு அசைகிறது, அவ்வளவுதான்.

நடுப்பெட்டிக்கு மட்டும்
தனி ஆம்ப்ளிஃபயர், தனித் திருகு என்றேன்.
"அஞ்சும் ஒரே போர்டா இருக்கணும்டி.
இல்லேன்னா இந்தப் பக்கம் கிளம்புற பஸ்சு
நடுவுல வரும்போது ஆட்டோவாயிரும்."
நியாயம்தான்.
ஆனால் நான் படம் பார்ப்பது பஸ்சுக்காக இல்லை.

என் வேலை காது.
பெரியாஸ்பத்திரியில்
சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்காரவைத்து
கேட்டால் விரலைத் தூக்குங்க என்பேன்.
பதினைந்து வருஷத்தில் தெரிந்துகொண்டது ஒன்று:
காது போகும்போது
உயிரெழுத்து கடைசிவரை கூட நிற்கும்,
மெய்தான் முதலில் கைவிடும்.

டவுன்ஹால் ரோட்டுச் சந்தில்
மொய்தீன் பிச்சை கடை.
"சார் வரலையா?"
வரலை.
"சார் வந்து கேட்டுட்டா நல்லது."
கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்றேன்.

பாட்டு எதுவும் வேண்டாம் என்றதும்
கடைப்பையன் சுருளி ஒரு மாதிரி பார்த்தான்.
போனில் என் குரலே இருந்தது,
நோயாளிகளுக்குப் படிக்கும் பட்டியல்:
வால். வாள். வாழ்.
கிலி. கிளி. கிழி.

முதல் பெட்டியில் நீல விளக்கு ஏறி இறங்கி ஆடியது.
ஸ்டிக்கரில் இரண்டாயிரம் வாட்டு.
மூன்றுமே வாலாக வந்து விழுந்தன.
அடுத்தது பரவாயில்லை.
பட்டியலை நிறுத்திவிட்டு
ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.
ஒன்றும் பேசாதபோதும்
ம்ம்ம்ம் என்று ஏதோ புலம்பிக்கொண்டிருந்தது.
டிரான்ஸ்பார்மர் அப்படித்தான் என்றார் பிச்சை.
அப்படித்தான் என்றால் வேண்டாம் என்றேன்.

மேல் தட்டில் தூசிக்குள் ஒன்று,
பிஸ்கட் டப்பா அளவு.
விளக்கு இல்லை. நாற்பதே வாட்டு.
"அது பளைய சரக்கு, பளப்பளக்காது."
போடச் சொன்னேன்.
வால் ஆடியது.
வாள் உறையை விட்டு வந்தது.
வாழ்,
நாக்கு பின்னால் மடிந்து
எதையும் தொடாமல் நின்ற அந்த இடம்
கடைக்குள் கேட்டது.
எனக்கே என் வாய் தெரிந்ததுபோல் இருந்தது.

மூவாயிரத்து இருநூறு சொன்னார்.
இரண்டாயிரத்து அறுநூறில் பில் போட்டார்.
நீட்டும்போது "நல்லா வாளுங்க தங்கச்சி" என்றார்.
இத்தனை கேட்ட பிறகும்
என்னை வாளத்தான் சொன்னார்.

அன்று இரவு
பஸ் நடுவில் ஆட்டோவானது, உண்மைதான்.
சோலைமலை பெருமூச்சு விட்டதும்
தெளிவாகக் கேட்டது.

ஏழெட்டுத் தடவை பார்த்த படம்.
போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்ப
கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு
மகனிடம் தாய் சொல்கிறாள்:
போய் ஒளி.
அந்த இடத்தில் எப்போதும் அழுவேன்.
இன்று முந்தானையைக் கையில் எடுத்தவள்
எடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பின்னால் ஓட்டினேன். இன்னொரு முறை.
திருகைக் குறைத்து இன்னொரு முறை.
அவள் ஒளியச் சொல்லவே இல்லை.
போய் ஒழி என்கிறாள்.

இவ்வளவு நாளும்
தப்பான காரணத்துக்கு அழுதிருக்கிறேன்
என்றேன் இவரிடம்.

வயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.
"இதக் கண்டுபிடிக்கவா ரெண்டாயிரத்து அறுநூறு?
அந்தம்மா ஒளிண்டுதான் சொல்லுதுண்டு
நான் அப்பவே சொன்னேன்ல."

எந்த ஒளி என்றேன்.
ஒளிதான் என்றார்.